பஞ்சாரத்தைத் தூக்கச் சொன்னவள் நான்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள். நல்ல பெண்தான்.

"ஸ்டெல்லா மேடம், பெண்களுக்குக் கையேடு ஒண்ணு போடுறோம். வீட்டுல ஏற்கெனவே கோழி வெச்சிருக்கவங்க புதுக் கோழி வாங்குனா அதை எப்படிச் சேக்கணும்னு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன். உங்க அனுபவத்துலேர்ந்து நாலு டிப்ஸ் போதும்" என்றாள்.

டிப்ஸாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பெண்ணின் மேல் என்ன தப்பு? அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எழுதுறேன்மா, ஆனா ஒரு பக்கத்துல அடங்காது" என்று சொல்லி போனை வைத்தேன். இதோ எழுதியிருக்கிறேன். அச்சடிப்பதும் கிழித்துக் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் பொன்மலைக்காரி. அப்பா ரயில்வே ஒர்க் ஷாப், கட்டிக்கொண்டவரும் ஒர்க் ஷாப். நான் மட்டும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, முப்பத்திரண்டு வருஷம் கோழிகளோடு கிடந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், ரிட்டயர் ஆன பொம்பளை பழி தீர்க்கிறாள் என்று பேச்சு வரும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களுக்குக் கோழி கொடுப்பது, கொடுத்த கோழி உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது, இதுதான் வேலை. காவேரிப் பாலம், கொள்ளிடப் பாலம் இரண்டையும் தாண்டி தினமும் மண்ணச்சநல்லூர் போவேன். பழைய நெல் குடோன் ஒன்றில்தான் ஆபீஸ். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாலும் சேலையில் தவிடு ஒட்டும்.

எங்கள் நிறுவனத்துக்கு மாட்டு டாக்டர் ஒருவர் இருந்தார். ரங்கராஜன். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. முட்டையைக் கையால் தொடுவார், வாயால் தொட மாட்டார். முட்டை தின்னாதவர் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறாரே என்று கிராமத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு நாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது.

"திங்கறவாளுக்குக் கோழியைப் பாத்தா பசி வரும். நேக்கு வராது. அதனால கோழி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியறது" என்றார். சிரிக்கவே இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். சேர்ந்த மூன்றாம் மாதம், குடோனுக்குப் பின்னால் நாங்கள் வளர்த்த பதினாலு கோழிகளுக்கு நடுவே இன்னும் முட்டையிடாத ஒரு புது விடைக்கோழியைப் பட்டப்பகலில் இறக்கிவிட்டேன். கோழிதானே, கோழியோடு சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதன் பின்மண்டையில் தோலே இல்லை. ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவை இன்னும் கொத்தின. ரத்தம் கண்ட கோழி நிறுத்தாது என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. அந்தக் கோழியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். காயத்தை அலம்பி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி முடிக்கிறவரை என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது என் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. சாயந்திரம் செத்துப்போனது.

"சேக்கறதுன்னா கொண்டுபோய் விடறதுன்னு நெனச்சுண்டிருக்கியா? சேக்கறதுன்னா காத்திண்டிருக்கறது. தெரியறதா?" என்றார்.

அவருடைய முறையை நான் கனவில் கேட்டாலும் சொல்வேன். கையேட்டுக்காரர்கள் கேட்ட டிப்ஸ் இதுதான், எடுத்துக்கொள்ளட்டும்.

புதுக் கோழி வந்ததும் பழைய கோழிகள் மேயும் இடத்திலிருந்து நாற்பது அடியாவது தள்ளி, புதுசின் பக்கமிருந்து பழையதன் பக்கம் காற்று அடிக்காத மாதிரி வைக்க வேண்டும். இருபத்தொரு நாள். ஒரு நாள் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். தினமும் முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி, தண்ணீர். கடைசியில்தான் புதுசுக்கு. புதுசைத் தொட்ட கையோடு பழையதன் பக்கம் போகக்கூடாது. வாளி தனி, செருப்பு தனி. கொண்டையின் நிறம், எச்சத்தின் நிறம், தும்மல், இறக்கைக்கடியில் பேன், எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும். அந்த நாட்களுக்குள் பழைய கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டு முடித்துவிட வேண்டும்.

கடைசி வாரத்தில் பழைய கூட்டத்திலிருந்து, ஊசி போடாமல் விட்டுவைத்த ஒரு கோழியை எடுத்துப் புதுசுகளோடு விடுவார். ஏனென்றால் தடுப்பூசி போட்டு வளர்ந்த புதுக் கோழி தனக்கு ஒன்றும் ஆகாமலே சீக்கைச் சுமந்து வரும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அதோடு விட்ட பழைய கோழி சுருண்டால்தான் நமக்கு உண்மை தெரியும். அந்த ஒன்றைச் சாட்சிக் கோழி என்பார். "ஒண்ணு போனாப் போறது, மிச்சம் நிக்கும்" என்பார்.

அதற்குப் பிறகும் உடனே விடக்கூடாது. நடுவில் கம்பி வலை. ஒரு வாரம் பார்த்துக்கொள்ளட்டும், கொத்திக்கொள்ள வேண்டாம். பிறகு ஒரு பொழுதுசாயும் நேரத்தில், பழையவை கூட்டில் அடைந்த பிறகு, புதுசுகளைத் தூக்கி அவற்றின் பக்கத்தில் கழியில் உட்கார்த்த வேண்டும். காலையில் எல்லாம் ஒன்றாக இறங்கும். தீனி மூன்று இடத்தில், தண்ணீர் இரண்டு இடத்தில். ஒற்றைக் கோழியைச் சேர்க்கவே கூடாது, மூன்றுக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும். எது விடாமல் கொத்துகிறதோ அதைப் பிடித்து மூன்று நாள் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்க்க வேண்டும். கொத்து வாங்கியதைப் பிரித்து வைத்தால் திரும்ப விடும்போது மறுபடியும் வாங்கும்.

இருபத்தாறு வருஷம் இந்த முறையில் கோழி கொடுத்தோம். சீக்கே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு தெரு காலியானது கிடையாது.

டாக்டர் ஓய்வுபெற்றுப் போனார். அந்த இடத்துக்கு வேறு டாக்டர் வைக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திட்ட மேலாளர் என்று ஒருவரைப் போட்டார்கள். சட்டை கசங்காத மனிதர். யாரையும் அதட்ட மாட்டார், எதையும் உத்தரவு என்று சொல்ல மாட்டார். "நான் சொல்லலைம்மா, நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்பார். டாக்டரிடம் முப்பது தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பயந்ததில்லை. இந்த ஆளின் புன்சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து யாரோ நன்கொடை கொடுத்தார்கள். நாற்பது பெண்களுக்கு ஆளுக்கு ஐந்து கோழி. கல்யாண மண்டபத்தில் விழா. தேதி குறித்துவிட்டார்கள், பேனர் அடித்துவிட்டார்கள், கோழி மட்டும் வரவில்லை. விழாவன்று காலையில் லாரி வந்து நின்றது. மூன்று பண்ணைகளில் மிஞ்சியதையெல்லாம் ஒரே கூண்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

"சார், இருபத்தொரு நாள் குடோன்ல வெச்சுத்தான் கொடுக்கணும்" என்றேன்.

"விழாவைத் தள்ளிப் போட முடியுமாம்மா? அவங்கவங்க வீட்டுல தனியா வெச்சுக்கட்டுமே. நீங்க மேடையில சொல்லிருங்க."

மேடையில் சொன்னேன். மைக்கைப் பிடித்து மூன்று தடவை சொன்னேன். கூச்சலில் எத்தனை பேருக்குக் கேட்டதோ!

திருவெள்ளறையில் ராசாத்திக்குக் கேட்டிருந்தது. ராசாத்திக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். புருஷன் செத்த பிறகு கொழுந்தன் ஒதுக்கிக் கொடுத்த ஒற்றை அறையில் இருந்தாள். பதினோரு கோழி, ஒரு சேவல். முட்டை விற்பாள், அடை வைப்பாள், குஞ்சு விற்பாள். கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நிற்காமல் அவள் சோறு தின்றது அந்தப் பன்னிரண்டு உயிரால்தான். தெருவில் யார் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அவளிடம்தான் முட்டை கேட்பார்கள். அவளுக்கு அந்தத் தெருவில் இருந்த மரியாதை அது.

விழா முடிந்த மறுநாளுக்கு மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். நன்கொடையாளர்கள் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறார்களாம். கோழி வாங்கிய பெண், தன் வீட்டில், புதுக் கோழியும் பழைய கோழியும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ ஏற்ற வேண்டுமாம். அன்றைக்குச் சாயந்திரத்தோடு ஆப் மூடிவிடுமாம். அந்த நாற்பதில் எனக்கு ஒதுக்கியது திருவெள்ளறைப் பக்கம் ஒன்பது வீடு.

"சார், சேந்து நிக்கக் கூடாதுன்னு நான்தானே மேடையில சொன்னேன்?"

"நான் சேக்கச் சொல்லலைம்மா. போட்டோதான் கேட்டேன். நீங்களே யோசிங்க."

யோசித்தேன். எனக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருந்தது. சால்வை போர்த்தி, மாலை போட்டு, நாலு பேர் நல்ல வார்த்தை பேசி அனுப்புவார்கள் என்று ஆசை. சே! அதற்காகத்தான். வேறு ஒரு காரணமும் இல்லை. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

மற்ற எட்டு வீடும் சுற்று ஊர்களில். அங்கே எனக்கு வேலையே இல்லை. நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, எல்லாம் ஏற்கெனவே ஒன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. ராசாத்தி மட்டும் புதுக் கோழிகளை வீட்டுக்குப் பின்னால், வேலியோரம், பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் தனிச் செம்பு, தனிச் சோப்பு.

"வாங்க மேடம். நீங்க சொன்ன மாதிரியே வெச்சிருக்கேன், பாத்தீங்களா?" என்றாள். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்!

"நல்லாருக்கு ராசாத்தி. ஒரு போட்டோ மட்டும் எடுக்கணும். பஞ்சாரத்தைத் தூக்கு. முன்னாடி எல்லாத்தையும் சேத்து விட்டு, குருணை போடு."

அவள் என்னைப் பார்த்தாள். "இருபத்தொரு நாள்னீங்களே மேடம்?"

"அஞ்சு நிமிஷம்தான். ஒண்ணும் ஆகாது."

நான் சொன்னதாலேயே அடைத்து வைத்தவள், நான் சொன்னதாலேயே திறந்துவிட்டாள். குருணையை இறைத்தாள். பதினேழும் ஒரே இடத்தில் மூக்கை வைத்துப் பொறுக்கின. அவளைச் சிரிக்கச் சொன்னேன். சிரித்தாள். எடுத்து ஏற்றினேன். ஆபீஸ் வந்து சேருவதற்குள் பச்சை டிக் விழுந்துவிட்டது.

ஆறாம் நாள் காலையில் அவள் போன் செய்தாள். "மேடம், சேவல் கழுத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது. பச்சையும் வெள்ளையுமாக் கழியுது." நான் போய்ச் சேர்வதற்குள் நாலு போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு மருந்து கிடையாது. இன்னும் கோழி சாகாத வீடுகளைத் தேடி ஓடி ஓடி ஊசி போட்டேன். என்ன பிரயோஜனம்? அந்த வாரத்துக்குள் அவளுடைய பன்னிரண்டும் போயிற்று. தெருவில் எல்லாக் கோழிகளும் ஒன்றாக மேய்கிறவை, இருபது வீட்டில் பஞ்சாரம் காலியானது. நாங்கள் கொடுத்த ஐந்து மட்டும் கொழுகொழுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராசாத்தி அந்த ஐந்தையும் கூடையில் போட்டு, பஸ் ஏறி, மண்ணச்சநல்லூருக்கே கொண்டுவந்து ஆபீஸ் வாசலில் வைத்தாள். "இதுங்க நல்லாத்தான் இருக்குதுங்க மேடம். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சென்னையிலிருந்து அறிக்கை கேட்டார்கள். மேலாளர் என்னை உட்கார வைத்து, "என்ன காரணம்னு நீங்களே ஒரு வரி எழுதுங்கம்மா. நம்ம பேரும் கெடக்கூடாது, உங்களுக்கும் கடைசி நேரத்துல சிக்கல் வேண்டாம்" என்றார். எழுதினேன். 'பயனாளி அறிவுரையைப் பின்பற்றாமல் புதிய கோழிகளைப் பழைய கோழிகளுடன் உடனடியாகச் சேர்த்ததே காரணம்.' என் கையெழுத்து. ஆதாரம் வேண்டுமே? நான் எடுத்த போட்டோவையே இணைத்தார்கள். அதில் நான் இல்லை. அவள்தான் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

டாக்டர் அப்போது ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தார். தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு நாள்கூட வண்டியை அந்தப் பக்கம் திருப்பவில்லை. திருப்பினால் கேட்பார், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

அதோடு விட்டார்களா? அடுத்த மாதம் திருவெள்ளறைப் பெண்கள் குழுக் கூட்டத்தில் அந்தப் போட்டோவைத் திரையில் போட்டுக் காட்டினார் மேலாளர், அந்தப் புண்ணியவான். "ஒருத்தரோட அவசரத்தால ஒரு தெருவே நஷ்டப்பட்டுச்சு" என்றார். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ராசாத்தி திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் நோட்டில் என்னவோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்றோடு அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். திருவெள்ளறை வேலையை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். அடுத்த வருஷம் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதை ஒரு நாளும் பிரித்ததில்லை.

இவ்வளவும் மென்று விழுங்கிக்கொண்டு கிடந்தவளிடம்தான் போன மாதம் அந்தப் பெண் டிப்ஸ் கேட்டாள். போனை வைத்த மறுநாள் நான் திருவெள்ளறைக்குப் போனேன்.

சாயந்திரம் நாலு மணி. குழாயில் தண்ணீர் வரும் நேரம், தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். ராசாத்தி தன் குடத்தோடு தள்ளி, கடைசியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆள் இல்லை. முன்னால் நின்றவளுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம்.

நான் வண்டியை நிறுத்தினேன். எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு உங்க கோழியெல்லாம் செத்துச்சே, அதுக்கு ராசாத்தி காரணமில்ல. அவ ஒழுங்கா அடைச்சு வெச்சிருந்தா. பஞ்சாரத்தைத் தூக்கச் சொன்னது நான். போட்டோ எடுத்தது நான். அவதான் தப்புப் பண்ணான்னு பொய்யா எழுதிக் கொடுத்ததும் நான்தான்" என்றேன். முகத்தில் காறித் துப்புவார்கள் என்று தயாராகத்தான் நின்றேன்.

ஒருவரும் துப்பவில்லை. "அய்யய்யோ, என்ன மேடம் இப்படி வேகாத வெயில்ல நின்னுக்கிட்டு! மூஞ்செல்லாம் வேத்துக் கொட்டுது பாருங்க" என்று ஒருத்தி ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தாள். இன்னொருத்தி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். செம்பில் மோர் வந்தது.

"மேல சொன்னா நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க? உத்தியோகம் பாக்குறவங்க பாடு அப்படித்தான்."

"போனது போச்சு மேடம். மனசுல வெச்சுக்காதீங்க. எவ்வளவு பெரிய மனசு இருந்தா இங்க வந்து சொல்லுவீங்க!"

மூன்று வருஷமாக ஒருத்தியைத் தண்ணீர்க் குழாயில் தள்ளி நிற்க வைத்தவர்கள், எனக்கு மூன்று நிமிஷத்தில் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்கள். "எனக்கு எதுக்குடி மோர் குடுக்குறீங்க? நான்தானே கொன்னேன்னு சொல்றேன்! அவகிட்ட ஒருத்தியாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினேன். நான் எதற்குக் கோபப்படுகிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. மேடத்துக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று ஒருத்தி விசிறினாள்.

ராசாத்தி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வாசல் பக்கம் நடந்தாள். நான் எழுந்தேன். அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் அவள் வாசலில் போட்டேன்.

"உக்காரு ராசாத்தி" என்றேன்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். அதைத் தாண்டி, குழாயடியில் நின்றவர்களைப் பார்த்தாள்.

"அவங்க போடட்டும் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.